பகல் சாப்பாட்டு நேரத்தில் வந்த செய்தி

ஒன்பது பிள்ளைகளின் வாப்பாமாரிடம் கையெழுத்து வாங்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது. எட்டுப் பேர் ஏதோ ஒரு வகையில் சம்மதித்துவிட்டார்கள். ஒன்பதாமவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. உடற்கல்விப் பயிற்சி முடித்து, கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலைக்கு முதல் நியமனம் கிடைத்துப் போயிருந்தேன். எனக்கு முன்னர் அங்கே விளையாட்டுக்கென்று ஒரு பெண் ஆசிரியை இருந்ததில்லை. விளையாட்டுப் பாடநேரத்தில் பிள்ளைகள் வேப்பமர நிழலில் இருந்து பூத்தையல் போடுவார்கள். நான் போய் வளையம் வைத்த இரண்டு கம்பங்களை நட்டு வலைப்பந்து தொடங்கினேன். நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, நாடியின் கீழ் ஊசி குத்திய வெள்ளை முக்காடு. அந்த உடுப்போடு மணலில் ஓடிப் பழகிய பிள்ளைகள் ஒரு வருடத்துக்குள் பக்கத்துப் பாடசாலைகளை வென்றுவிட்டார்கள். மாவட்டப் போட்டி அம்பாறையில் என்று கடிதம் வந்தது.

அதோடு எனக்குள் பயமும் வந்தது. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் நான் வரும் பஸ் பத்து நிமிடம் பிந்தினாலே உம்மா கேற்றடிக்கு வந்து நின்றுவிடுவா. அம்பாறைக்குப் போகும் ரோட்டு பெரும்பாலும் வயல்வெளி. இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டம் இல்லாத நெல், இடையிடையே மண்மூட்டை அடுக்கிய காவல் நிலைகள். அந்த வழியே என்னை நம்பி ஒன்பது குமர்ப்பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும்.

கடிதத்தைத் திருப்பித் தந்தவர் லொறிச் சாரதி. கிழமையில் இரண்டு நாள் அம்பாறைச் சந்தைக்குக் கருவாடு ஏற்றிப் போகிறவர். அந்த ரோட்டை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் ஊரில் குறைவு. அதனால்தான் மகளை அனுப்பத் தயங்கினார். மகளுக்குப் பதினாறு வயது. அணிக்கு வந்து மூன்று மாதம்தான். உயரம் தெரியக்கூடாதென்று காலைக் கூட்டத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றவளை நான்தான் பிடித்து இழுத்து வந்தேன். பந்தை அவள் கையில் கொடுத்த முதல் நாளே, வளையத்துக்குக் கீழே நின்று பத்தில் ஏழைப் போட்டாள். மற்றவர்கள் ஒரு வருடம் பழகியும் செய்ய முடியாத காரியம் அது.

இரண்டாம் முறை அவர்களுடைய வீட்டுக்குப் போனபோது அவர் வாசலில் லொறியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போட்டியைப் பற்றியே கதைக்கவில்லை. மகளிடம் இருக்கிற கை எல்லோருக்கும் வாய்க்காது என்றும், இரண்டு வருடம் ஒழுங்காக விளையாடினால் மாகாண அணிக்குப் போவாள் என்றும், அந்தச் சான்றிதழோடு என்னைப் போல ஒரு நியமனம் எடுக்கலாம் என்றும் சொன்னேன். அவர் எழும்பி கையைத் துடைத்தார்.

“டீச்சர், அண்டைக்கி எனக்கும் அம்பாறைக்கி ஓட்டம் இரிக்கி. சாமானை எறக்கிட்டு ரெண்டாவது மெச்சுக்கு வந்து நிப்பன். ஒங்கள நம்பித்தான் அனுப்புறன். அவள்ட பொறுப்பு ஒங்கட.”

ஓம் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

போட்டி நாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வான் வண்டி புறப்பட்டது. ஒன்பது பிள்ளைகளும் நானும், துணைக்கு அணித் தலைவியின் உம்மாவும். வான் ஓட்டியவர் எங்கள் ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். மூத்த சகோதரரைப் போல எல்லோரும் அவரைக் காக்கா என்போம். முதல் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையாக நடந்தோம். அதிபர் சிங்களத்தில் எழுதித் தந்த கடிதத்தை நீட்டினேன். ஒரு சிப்பாய் பந்துப் பையைத் திறந்து, ஒவ்வொரு பந்தாக எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினான். பிறகு என் கழுத்தில் தொங்கிய விசிலைக் காட்டி ஊது என்று சைகை செய்தான். முதல் தரம் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம் ஊதியதும் பிள்ளைகள் பழக்கத்தில் உயர வரிசைக்கு வந்து நின்றுவிட்டார்கள். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானில் ஏறியபின் பார்த்தேன், விசில் கயிற்றை விரலில் இறுக்கிச் சுற்றியதில் விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது.

அம்பாறை மைதானத்தில் வேறு பாடசாலைகளின் பயிற்றுநர்கள் ஒரு மரத்தடியில் கூடி நின்றார்கள். பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எந்தப் பிள்ளைக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, யாரை மாகாணத்துக்கு எடுப்பார்கள், யாருக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் கதை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் விளையாட்டுக் காலம் கல்யாணப் பேச்சு வந்தால் முடிந்தது. எங்கள் அணித் தலைவிக்கும் பேசி முடித்திருந்தார்கள். “இதுதான் டீச்சர் எனக்குக் கடைசி” என்று மழைக்காலம் வருகிறது என்பதைப் போல அவள் சொல்லியிருந்தாள்.

அவர்களில் மூத்த பயிற்றுநர் ஒருவர் என் அணியைப் பார்த்துவிட்டு, வளையத்தடியில் நிற்பது புதுப் பிள்ளையா என்று கேட்டார். ஓம் என்றேன். பயிற்றுநரும் புது ஆள், கோல் போடுகிறவளும் புது ஆள், இரண்டும் சேர்ந்தால் கஷ்டம் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது முள்ளாகக் குத்தியது. இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று பகல் நான் செய்ததற்கு அந்த முள்ளும் ஒரு காரணம்.

முதல் ஆட்டத்தை வென்றோம். லேசாகவே வென்றோம். லொறிக்காரரின் மகள், அந்தப் புதியவள், தொடக்கத்தில் இரண்டு பந்தைத் தவறவிட்டாள். தலைவி ஓடிப்போய் அவளுடைய தோளைத் தட்டி, என்னவோ காதில் சொன்னாள். அதன்பின் பந்து வளையத்துக்குள் விழுந்துகொண்டேயிருந்தது. முடிந்ததும் பிள்ளைகள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாகக் குதித்தார்கள். ஊரில் வாய் திறக்காத பிள்ளைகள் அம்பாறை வெயிலில் தொண்டை கிழியக் கத்தினார்கள். எனக்கும் உள்ளே இருந்த பயம் கொஞ்சம் தணிந்தது. இறுதி ஆட்டம் இரண்டு மணிக்கு.

மர நிழலில் சோத்துப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஒவ்வொரு கோலையும் திரும்பச் சொல்லிச் சாப்பிட்டார்கள். புதியவள் மட்டும் அடிக்கடி கேற்றைப் பார்த்தாள். அப்போது வான்காரக் காக்கா வந்து, சற்றுத் தள்ளி நின்றபடி என்னைக் கையால் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தேன்.

ரோட்டில் கண்ணிவெடி வெடித்திருக்கிறது என்றார். படை வாகனத்துக்கு வைத்தது, பின்னால் வந்த ஒரு லொறியும் அகப்பட்டுவிட்டது. ரோட்டை மூடிவிட்டார்கள். காயப்பட்டவர்களை அம்பாறை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவருகிறார்களாம். எப்படி நாங்கள் வீடு போவது என்று நான் கேட்க வாயெடுத்தேன். அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

“டீச்சர், ரோட்டெல்லாம் கருவாடு கொட்டிக் கெடக்காம்.”

கருவாடு ஏற்றுகிறவர் அவர் ஒருவர் மட்டுமா என்று கேட்டேன். இல்லை, இன்னும் மூன்று நான்கு லொறி ஓடும் என்றார் காக்கா. நம்பர் யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து வரும்படி அவரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி மைதானத்திலிருந்து ஒரு கட்டை தூரம்கூட, ஒரு மைல்கூட, இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து ரோட்டிலும் காவல் போட்டிருந்தார்கள், போய்வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாது என்றார். போகும்போது, “பிள்ளைகளுக்கிட்ட இப்ப கதைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லாவிட்டாலும் நான் கதைத்திருக்க மாட்டேன்.

திரும்பி வந்தபோது புதியவள் எழும்பி நின்றாள்.

“டீச்சர், வாப்பா இன்னும் வரல்ல. ரோட்டுல செக்கிங் போல?”

“ஓம். செக்கிங்தான்.”

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? மிச்சச் சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்பதை இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி ஒரு பிள்ளையை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நியாயமான பேச்சுத்தான். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. அவள் இல்லாமல் எங்களால் வெல்ல முடியாது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி பந்தலில் இருந்தார். அந்த மூத்த பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வெற்றிக் கிண்ணம் வேண்டும். அவளுடைய வாப்பா மௌத்தாகியிருந்தால், உயிரே போயிருந்தால் என்ற நினைப்பும் கிண்ணம் வேண்டும் என்ற நினைப்பும் ஒரே நெஞ்சுக்குள் ஒரே நேரத்தில் இருந்தன. எது என்னை அதிகமாகப் பயப்படுத்தியது என்று இப்போது கேட்டால், இரண்டாவது நினைப்புத்தான்.

ஆட்டம் தொடங்கியது. எதிர் அணி அம்பாறைப் பிள்ளைகள், கெட்டிக்காரிகள். இடைவேளைவரை சமம். பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். ஏதாவது சொல்ல வேண்டும். பயிற்சியில் எப்போதும் சொல்வதையே சொன்னேன். வெளியே எதையும் பார்க்காதீர்கள், பந்தை மட்டும் பாருங்கள் என்றேன். சொல்லும்போது புதியவளின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவளுடைய நெஞ்சில் கட்டியிருந்த, ஆடும் இடத்தைக் குறிக்கும் எழுத்துத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியின் நாடா ஒன்று அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டிவிட்டேன். முடிச்சு இரண்டு தரம் நழுவியதை அவள் கண்டிருக்க வேண்டும்.

“பயப்படாதீங்க டீச்சர், வெல்லுவம்” என்றாள்.

இரண்டாம் பாதியில் பாதி நேரம் போனபிறகு காக்கா கேற்றுக்குள் வந்தார். ஓடி வரவில்லை. எல்லைக்கோட்டைச் சுற்றி நடந்து வந்தார். அந்த நடையிலிருந்து எதையும் அறிய முடியவில்லை. பக்கத்தில் வந்து நின்று, மைதானத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“அவர்தான். உசிர் இரிக்கி. கால்தான் சரியில்ல. ஒப்பரேசன் தியேட்டருக்கு எடுத்திட்டாங்க.”

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். இப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது. எனக்கு நானே சொன்ன நியாயம் அந்த நிமிடத்தோடு முடிந்துபோனது. நடுவரிடம் கைகாட்டி, மாற்று ஆள் போட்டு, அவளை வெளியே எடுத்திருக்கலாம். இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. தியேட்டருக்குள்தானே இருக்கிறார், இப்போது போனாலும் பார்க்க முடியாதே என்று நினைத்தேன். கையைத் தூக்கவில்லை.

ஒரு கோலால் வென்றோம். கடைசிப் பந்தைப் போட்டவள் அவள்தான். தலைவி அழுதுகொண்டே ஓடிவந்து அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாள். மற்றப் பிள்ளைகள் அவர்கள்மேல் விழுந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து அவளுடைய தலை மட்டும் உயரமாகத் தெரிந்தது. அப்போதும் கேற்றைத்தான் பார்த்தாள்.

நான் கூட்டத்தை விலக்கி அவளுடைய கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப்போனேன். வாப்பாவுக்கு விபத்து, உயிருக்கு ஒன்றும் இல்லை, பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இப்போதே போவோம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“ஒங்களுக்கு எப்ப தெரியும்?”

பொய் சொல்ல இன்னும் ஒரு வழி இருந்தது. ஆனால் அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“சாப்பிடக்குள்ள ஒரு கதை வந்த. அவர்தான் எண்டு தெரியா. வெளையாட்டு முடியிறதுக்கு முன்னால காக்கா வந்து சொன்னார்.”

அவள் எழுத்துத் துணியின் நாடாக்களை அவிழ்த்து, தலைக்கு மேலால் கழற்றி என் கையில் தந்துவிட்டு, வான் நின்ற பக்கம் நடந்தாள்.

மற்றப் பிள்ளைகளைத் தலைவியின் உம்மாவிடம் விட்டுவிட்டு நானும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் மறித்த சிப்பாயிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அழுது சொன்னேன். வாப்பாவைத் தியேட்டரிலிருந்து வார்டுக்குக் கொண்டுவர நாலு மணி ஆனது. மயக்கம் தெளியவில்லை. இடக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. அவள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓர் அடி பின்னால் நின்றேன்.

பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சொறிக்கல்முனைக்காரர் ஒருவர் இருந்தார், கையில் பெரிய கட்டு. வெட்டு மெசினில் கை அகப்பட்டு இரண்டு நாளுக்கு முன் வந்தவராம். அவர் அவளிடம், “நீதானா மகள்?” என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

“தியேட்டருக்குக் கொண்டுபோகுமட்டும் மகள் மகள் எண்டுதான் கேட்டுக்கொண்டு கிடந்தார். மைதானத்தில நிக்கிறாளாம், கூட்டிவரச் சொன்னார். இவங்களுக்கு விளங்கல்ல. நானும் சொல்லிப் பாத்தன், எனக்கும் சிங்களம் வராது. கால எடுக்கப்போறாங்க எண்டு தெரிஞ்சி சரியாப் பயந்திட்டார் மனுசன்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஆஸ்பத்திரித் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. காக்கா இரண்டாம் தரம் செய்தி கொண்டு வந்தபோதுதான் அவரைத் தியேட்டருக்கு எடுத்திருந்தார்கள். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது அவர் தெரிந்த முகம் ஒன்றைத் தேடிக்கொண்டு கிடந்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் நான் வாய் திறந்திருந்தால், நாங்கள் எல்லோரும் காக்காவோடு போயிருந்தால், அவள் அந்தக் கட்டிலருகே நின்றிருப்பாள்.

நாலரை மணிக்கு ரோட்டைத் திறந்தார்கள். கிண்ணத்தோடு பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள். வானில் யாரும் பாடவில்லை என்று தலைவி பின்னர் சொன்னாள். அடுத்த நாள் காலை புதியவளுடைய உம்மா வந்து சேரும்வரை நான் அந்த வார்டில் அவளோடு இருந்தேன். கேட்டதற்கு ஓம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னாள். வாப்பா கண் விழித்து மகளைக் கண்டதும் குழந்தைபோல அழுதார். பிறகு என்னைக் கண்டு, “நல்ல வேல டீச்சர், புள்ள வான்ல நேரத்தோட போயிட்டா. என்னோட லொறில வந்திரிந்தா?” என்றார். எனக்கு நன்றி சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பாடசாலையில் என்னை மேடையேற்றிப் பாராட்டினார்கள். வெளியே நடந்ததையெல்லாம் மனதுக்குள் அடக்கிக்கொண்டு பிள்ளைகளை வெல்ல வைத்த ஆசிரியை என்று அதிபர் மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். அவள் கூட்டத்தில் நின்றாள். தோளைக் குறுக்காமல் நேராக நின்றாள். அன்றிலிருந்து பயிற்சிக்கு வரவில்லை. வீதியில் கண்டால் ஸலாம் சொல்வாள், பதில் வாங்குவாள், போய்விடுவாள். நான் வரச்சொல்லி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

தலைவிக்கு நோன்புப் பெருநாள் கழிந்து கல்யாணம் நடந்தது. அடுத்த வருடம் வேறு பிள்ளைகள் வந்தார்கள். நான் தொடர்ந்து பயிற்சி கொடுத்தேன். பயிற்றுநர்கள் கூடும் இடங்களில் புதுப் பிள்ளைகளைப் பெரிய ஆட்டத்துக்கு எப்படித் தயார் பண்ணுவது என்ற கதை வரும். வீட்டுக் கதை எதையும் காதில் விழவிடக்கூடாது என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் அந்த இடத்தில் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். வெளியூர் ஆட்டத்துக்கு வானில் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயம் வரும். ரோட்டைப் பற்றிய பயம் பாதி. இன்னொரு தடவை அப்படி ஒரு செய்தி வந்தால் நான் என்ன செய்வேன் என்ற பயம் மறுபாதி.

மூன்று வருடம் போயிருக்கும். கல்முனைச் சந்தையில் மீன் வாங்க நின்றபோது பக்கத்தில் ஒருத்தி வந்து நின்றாள். கறுப்பு அபாயா, இடுப்பில் ஒரு குழந்தை. உயரத்தால்தான் அடையாளம் கண்டேன். வாப்பா எப்படி என்று கேட்டேன். பொய்க்கால் போட்டிருக்கிறார், வீட்டு முன்னால் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார் என்றாள். குழந்தையின் பெயரைக் கேட்டேன், சொன்னாள். பிறகு அவளே கேட்டாள், கோபமில்லாமல், நெடுநாளாக வைத்திருந்த கேள்வியைப் போல.

“டீச்சர், அண்டைக்கி நீங்க சொல்லாம வுட்ட, நான் பயந்திருவன் எண்டா? இல்லாட்டி வெல்லணும் எண்டா?”

“ரெண்டும்தான்” என்றேன். பிறகு, “வெல்லணும் எண்டதுதான் கூட” என்றேன்.

குழந்தை அவளுடைய முக்காட்டைப் பிடித்து இழுத்தது. அதன் கையை மெல்ல எடுத்துவிட்டு, “ம்” என்றாள். பிறகு மீன்காரரிடம் திரும்பி, சூரை என்ன விலை என்று கேட்டாள். அவர் விலை சொன்னார். சின்னத் துண்டாக வெட்டச் சொன்னாள். நான் என் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தேன்.